ஒரே ஜெபத்தைத் திரும்பத் திரும்பச் செய்வது அவிசுவாசமா?

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, என் மகனுக்கு 31 வயது. பெங்களூரில் ஐ.டி. வேலை. கல்லூரிக்குப் போன காலத்திலேயே ஆலயத்துக்கு வருவதை விட்டுவிட்டான். இப்போது குடியும் சேர்ந்துகொண்டது. பதினோரு வருஷமாக விடியற்காலை 4.30 மணிக்கு எழுந்து அவனுக்காக ஜெபிக்கிறேன். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவள், ஆனாலும் வெள்ளிக்கிழமை உபவாசத்தை விட்டதில்லை. எங்கள் ஜெபக்குழுவில் ஒரு சகோதரி, "ஒருதரம் கேட்டுவிட்டு ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே இருக்கணும். திரும்பத் திரும்பக் கேட்டால் நம்பவில்லை என்றுதான் அர்த்தம்" என்கிறார். ஒரு ஊழியக்காரர், "வீட்டில் மறைவான பாவம் இருக்கிறது, 21 நாள் விசேஷ ஜெபம் ஏறெடுக்கணும்" என்று காணிக்கை கேட்கிறார். போன மாதம் என் தங்கை அவன் பேரைப் போட்டு வாட்ஸ்அப்பில் ஜெபக்குறிப்பு அனுப்பினாள். அது எப்படியோ அவன் கண்ணில் பட்டுவிட்டது. இப்போது என் போனை எடுப்பதே இல்லை. இதையெல்லாம்விட எனக்குப் பயமாக இருப்பது வேறு. இத்தனை வருஷம் ஜெபித்தும் தேவனை எனக்குத் தெரியவில்லையோ என்று தோன்றுகிறது. கேட்க மட்டும்தான் தெரிந்திருக்கிறது. நான் என்ன செய்யட்டும்?
ஒரு தாய், தூத்துக்குடி மாவட்டம்

பதில்:

அன்புள்ள அம்மா,

முதலில் அந்தக் காணிக்கை. கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் போகட்டும், இரண்டாம் தவணை வேண்டாம்.

21 நாள் என்ற கணக்கைத் தானியேல் 10-ஆம் அதிகாரத்திலிருந்து எடுக்கிறார்கள். தானியேல் மூன்று வாரம் நல்ல சாப்பாடு இல்லாமல், இறைச்சியும் திராட்சரசமும் தொடாமல் துக்கித்திருந்தார். பெர்சியா ராஜ்யத்தின் அதிபதி 21 நாள் தன்னைத் தடுத்து நின்றதாகத் தூதன் சொல்கிறான். இதிலிருந்து 21-ஆம் நாள் பூட்டு திறக்கும் என்று ஒரு சூத்திரம் செய்துவிட்டார்கள். ஆனால் அதே தூதன் அதற்கு முந்தின வசனத்திலேயே, முதல்நாள் துவக்கி உன் வார்த்தைகள் கேட்கப்பட்டது என்று சொல்லிவிடுகிறான். கேட்கப்பட்டது முதல் நாளிலேயே. அந்த மூன்று வாரமும் தானியேல் தேடியதையும் கவனியுங்கள். "அறிவை அடைகிறதற்கு" மனதைச் செலுத்தினார் என்றுதான் அங்கே இருக்கிறது. தனக்குப் பதிலாக ஜெபிக்க யாருக்கும் அவர் பணம் கொடுக்கவும் இல்லை.

மறைவான பாவம் என்று சொன்னதற்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். பிறவிக் குருடனைப் பார்த்துச் சீஷர்கள் கேட்டதும் இதே கேள்விதான்: யார் செய்த பாவம், இவனா, பெற்றவர்களா? "அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல" என்று இயேசு அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிட்டார். பாவம் இல்லாத வீடு எங்கேயும் கிடையாது, உங்கள் வீடும் என் வீடும் உட்பட. அதை அறிக்கையிடுவதற்கு ஞாயிறு ஆராதனையிலேயே இடம் இருக்கிறது. ஒரு தாயின் பயத்தைத் தெரிந்துகொண்டு அதன்மேல் காணிக்கைப் பெட்டியை வைக்கிறவர்களிடம் எனக்குப் பொறுமை குறைவு, மன்னியுங்கள்.

சரி, ஜெபக்குழுச் சகோதரி சொன்னதற்கு வருவோம். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். "எவைகளைக் கேட்டுக்கொள்ளுவீர்களோ, அவைகளைப் பெற்றுக்கொள்வோம் என்று விசுவாசியுங்கள்" என்ற மாற்கு 11-ஆம் அதிகார வசனத்தை வைத்துக்கொண்டுதான் பேசுகிறார். ஆனால் கெத்செமனேயை அவர் கணக்கில் எடுக்கவில்லை. அங்கே நம் ஆண்டவரே ஒரே விண்ணப்பத்தை மூன்று தடவை கேட்டார். மத்தேயு இதை மழுப்பாமல் எழுதியிருக்கிறார்: "மூன்றாந்தரமும் அந்த வார்த்தைகளையே சொல்லி ஜெபம்பண்ணினார்." அதே வார்த்தைகள். இதை அவிசுவாசம் என்று சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்?

மலைப்பிரசங்கத்தில் "வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள்" என்று சொன்னவரும் அவர்தானே என்று கேட்கலாம். அந்த வசனத்தை முழுவதும் படித்தால் விளங்கும். அதிக வசனிப்பினால் தங்கள் ஜெபம் கேட்கப்படும் என்று நினைக்கிறவர்களைப் பற்றி அவர் பேசுகிறார். இத்தனை தடவை சொன்னால் வேலை நடக்கும் என்று எண்ணிச் சொல்வதை அவர் தடுத்தார். மனசு கனத்துப்போய் அதே வார்த்தை மறுபடி மறுபடி வாயில் வருவது அவருக்கே நேர்ந்தது.

இந்த இடத்தில் லூக்கா 18-இல் நியாயாதிபதியிடம் நியாயம் கேட்டு வந்த விதவையின் உவமையை எல்லாரும் எடுப்பார்கள், நானும் எடுக்கிறேன். ஆனால் அதைப் பெரும்பாலும் தலைகீழாகப் பிரசங்கிக்கிறோம். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மனுவும் கையுமாக நிற்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த விதவை அப்படித்தான் நின்றாள். அவளுக்குப் பரிந்து பேச ஆளில்லை, அவளிடம் பணமில்லை. திரும்பத் திரும்ப வருவது ஒன்றுதான் அவள் கையில் இருந்தது. அந்த நியாயாதிபதியோ "தேவனுக்குப் பயப்படாதவனும் மனுஷரை மதியாதவனுமாகிய" ஒருவன். இவள் அலட்டல் தாங்காமல்தான் நியாயம் செய்தான். "ஆகவே நாமும் தேவனை விடாமல் அலட்டவேண்டும்" என்று பிரசங்கத்தை முடிக்கிறவர்கள், தேவனை அந்த நியாயாதிபதியின் நாற்காலியில் உட்காரவைத்துவிடுகிறார்கள். இயேசு சொன்னது அதற்கு நேர்மாறு. இப்படிப்பட்ட ஆளே கடைசியில் நியாயம் செய்தால், இரவும் பகலும் தம்மை நோக்கிக் கூப்பிடுகிறவர்களுக்குத் தேவன் செய்யாமலிருப்பாரோ என்று கேட்கிறார். நாம் விடாமல் ஜெபிப்பதற்குக் காரணம் அவர் அந்த நியாயாதிபதியைப் போல இல்லை என்பதுதான்.

ஆகவே, அம்மா, நீங்கள் பதினோரு வருஷம் கேட்டது தவறே இல்லை. இன்னும் கேளுங்கள்.

விசுவாசம் போதவில்லை என்ற குற்றச்சாட்டுக்கு, மகனுக்காக வந்த இன்னொருவரை உங்களுக்கு நினைவுபடுத்துகிறேன். மாற்கு 9-ஆம் அதிகாரத்தில் வலிப்பு வரும் பையனைத் தூக்கிக்கொண்டு வந்த தகப்பன். சீஷர்களிடம் காட்டிப் பார்த்தார், நடக்கவில்லை. மனசு உடைந்துபோய், "நீர் ஏதாகிலும் செய்யக்கூடுமானால்" என்று இழுத்தார். கடைசியில் கண்ணீரோடு, "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்றார். பாதி விசுவாசம், பாதி சந்தேகம். அந்தப் பையனுக்கு அன்றைக்கே சுகம் கிடைத்தது. முதலில் உன் விசுவாசத்தைச் சரிசெய்துகொண்டு வா என்று ஆண்டவர் அவரைத் திருப்பி அனுப்பவில்லை.

கேட்பதை நிறுத்தவேண்டிய நேரமும் வேதத்தில் உண்டு. யோர்தானைத் தாண்டி அந்த நல்ல தேசத்தைப் பார்க்கவேண்டும் என்று மோசே கெஞ்சினார். "போதும்" என்று சொல்லி, இந்தக் காரியத்தைப் பற்றி இனி என்னோடு பேசவேண்டாம் என்றார் தேவன். பவுல் தம் மாம்சத்தில் இருந்த முள்ளுக்காக மூன்றுதரம் வேண்டிக்கொண்டார். "என் கிருபை உனக்குப்போதும்" என்று பதில் வந்தது, அதோடு நிறுத்திக்கொண்டார். தாவீது தன் குழந்தை சாகும் நிலையில் கிடந்தபோது தரையிலே விழுந்து உபவாசித்தார். ஏழாம் நாள் குழந்தை இறந்ததும் எழுந்து, குளித்து, சாப்பிட்டார். வேலைக்காரர்களுக்கு அது புரியவே இல்லை. இந்த மூன்று பேருக்கும் தெளிவான ஒரு "போதும்" கிடைத்தது. உங்களுக்கு அப்படி ஒன்றும் கிடைக்கவில்லை. உங்கள் மகன் உயிரோடு இருக்கிறார், உங்கள்மேல் கோபமாக இருக்கிறார். கோபப்படுகிற பிள்ளைக்கு அம்மா இன்னும் ஒரு பொருட்டுதான்.

இனி உங்கள் கடைசி வரிகளுக்கு வருகிறேன். உண்மையில் உங்கள் கடிதமே அந்த வரிகளுக்காக எழுதப்பட்டது என்று நினைக்கிறேன்.

கேட்க மட்டும் தெரிந்திருக்கிறது என்கிறீர்கள். கொலோசெயர் முதல் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பவுல் அப்போது காவலில் இருக்கிறார். கொலோசே என்பது இன்றைய துருக்கியில் லைகஸ் நதிப் பள்ளத்தாக்கில் இருந்த ஊர். அங்கிருந்த விசுவாசிகள் பலர் பவுலின் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. அவர்களுக்குச் சுவிசேஷம் சொன்னது எப்பாப்பிரா என்பவர். பார்த்திராத அந்த ஜனங்களுக்காக "இடைவிடாமல் ஜெபம்பண்ணுகிறோம்" என்று எழுதுகிறார். என்ன கேட்கிறார்? தேவனுடைய சித்தத்தை அறிகிற அறிவினாலே அவர்கள் நிரப்பப்படவேண்டும், கர்த்தருக்குப் பிரியமாக நடக்கவேண்டும், நற்கிரியைகளாகிய கனிகளைத் தரவேண்டும், "தேவனை அறிகிற அறிவில் விருத்தியடைந்து" வாழவேண்டும். அறிவில் தொடங்குகிற ஜெபம் நடக்கையில் போய், மறுபடி அறிவுக்கே வருகிறது. தெரிந்த அளவுக்கு நடந்தால் இன்னும் கொஞ்சம் தெரியவரும், அதன்படி நடந்தால் இன்னும். வேதப் பரீட்சையில் மார்க் வாங்குகிற அறிவைப் பற்றி அவர் பேசவில்லை. அதற்கு அடுத்த வசனத்தில் இந்த அறிவோடு சேர்த்து அவர் கேட்பது பொறுமையையும் நீடிய சாந்தத்தையும். அதுவும் "சந்தோஷத்துடனே கூடிய" பொறுமை. பல்லைக் கடித்துக்கொண்டு சகித்துப்போவது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். சந்தோஷத்தோடு பொறுத்திருப்பதற்கு, காத்திருக்கிறவருக்குத் தான் யாருக்காகக் காத்திருக்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

அந்த எப்பாப்பிராவைப் பற்றி நாலாம் அதிகாரத்தில் ஒரு வரி வருகிறது: "உங்களுக்காகத் தன் ஜெபங்களில் எப்பொழுதும் போராடுகிறான்." எதற்காகப் போராடுகிறார் என்று பார்த்தால், அவர்கள் தேவனுக்குச் சித்தமான எல்லாவற்றிலும் தேறி நிலைநிற்கவேண்டும் என்பதற்காக. விடாத ஜெபமும் தேவனை அறிவதும் அந்தக் கடிதத்தில் ஒரே காரியமாகத்தான் இருக்கின்றன. நாம்தான் இரண்டையும் பிரித்து, ஜெபத்தை ஜெபக்குழுவுக்கும் அறிவை வேதபாட வகுப்புக்கும் கொடுத்துவிட்டோம்.

இது வெறும் உபதேசமாக நின்றுவிடக் கூடாது என்பதற்காக, உங்களைப் போலவே மகனுக்காக அழுத ஒரு தாயைப் பற்றிச் சொல்கிறேன். மோனிக்கா. பேரைக் கேட்டிருப்பீர்கள். பிரசங்கங்களில் அவரைக் கண்ணீர் சிந்துகிறவராக மட்டும் காட்டி முடித்துவிடுவோம். அவருடைய மகன், பின்னாளில் திருச்சபையின் பெரிய போதகரான அகுஸ்தீன் எழுதிவைத்ததைப் படித்தால் இன்னும் நிறைய இருக்கிறது.

அவர்கள் வட ஆப்பிரிக்காவில் தகாஸ்தே என்ற ஊர்க்காரர்கள். இன்றைக்கு அது அல்ஜீரியாவில் இருக்கிறது. அகுஸ்தீன் 354-இல் பிறந்தார். கெட்டிக்கார மாணவர். கார்த்தேஜ் நகரத்துக்குப் படிக்கப் போன இடத்தில் ஒரு பெண்ணோடு வாழத் தொடங்கினார், நன்மை, தீமை என்று இரண்டு சக்திகளை நம்புகிற மானிக்கேய மதத்தில் சேர்ந்தார். மோனிக்கா ஒரு பிஷப்பிடம் போய், நீங்கள் அவனோடு பேசி அவன் எண்ணத்தை மாற்றுங்கள் என்று கேட்டார். பிஷப் மறுத்துவிட்டார். சின்ன வயதில் தானும் அந்த மதத்தாரிடம் விடப்பட்டவர்தான் என்றும், அவர்கள் புத்தகங்களைப் படித்துத் தானாகவே வெளியே வந்ததாகவும் சொன்னார். அவனை விட்டுவிடுங்கள், அவனுக்காக ஜெபம் மட்டும் பண்ணுங்கள் என்றார். மோனிக்கா விடவில்லை, அழுது கெஞ்சிக்கொண்டே இருந்தார். பிஷப்புக்கு லேசாக எரிச்சலே வந்துவிட்டது. போங்கள், இத்தனை கண்ணீருக்குரிய பிள்ளை கெட்டுப்போக முடியாது என்று சொல்லி அனுப்பினார். அந்தக் கடைசி வாக்கியத்தை நாம் காலண்டரில் போடுகிறோம். அதற்கு முன்னால் "அவனோடு நான் பேசமாட்டேன்" என்று அவர் மறுத்ததை யாரும் போடுவதில்லை. எனக்கு அந்த மறுப்பும் முக்கியமாகத் தெரிகிறது.

அடுத்து 383-இல் நடந்தது. அகுஸ்தீன் ரோமுக்குப் புறப்படத் தீர்மானித்தார். அம்மா துறைமுகம்வரை வந்து பிடித்துக்கொண்டார்: ஒன்று நீ வீட்டுக்கு வா, இல்லாவிட்டால் என்னையும் கூட்டிப்போ. மகன் பொய் சொன்னார். ஒரு நண்பனை வழியனுப்பத்தான் வந்தேன் என்று சொல்லி, அம்மாவைப் பக்கத்திலிருந்த இரத்தசாட்சி சிப்ரியானின் நினைவு ஆலயத்தில் தங்கவைத்தார். அன்றிரவு முழுவதும் அந்தத் தாய், மகன் கப்பல் ஏறக் கூடாது என்று ஜெபித்துக்கொண்டிருந்தார். மகன் இருட்டோடு கப்பல் ஏறிவிட்டார்.

காலையில் அந்தக் கரையில் அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. ஜெபம் கேட்கப்படவில்லை, கூடவே மகனும் ஏமாற்றிவிட்டார். ஆனால் ரோமுக்குப் போன அகுஸ்தீன் அங்கிருந்து மிலானுக்குப் போனார். மிலானில்தான் அம்புரோஸ் பிஷப்பின் பிரசங்கத்தைக் கேட்டார். 386-இல் மனந்திரும்பினார், 387 ஈஸ்டரில் அம்புரோஸ் கையால் ஞானஸ்நானம் பெற்றார். பின்னாளில் அந்த இரவைப் பற்றி எழுதும்போது, அம்மா அன்றைக்குக் கேட்டதைத் தேவன் கொடுக்காதது, எப்போதும் கேட்டுக்கொண்டிருந்ததைக் கொடுப்பதற்காகத்தான் என்கிறார். கப்பல் போகக் கூடாது என்பது ஓர் இரவின் ஜெபம். மகன் தேவனிடம் வரவேண்டும் என்பது பல வருஷ ஜெபம். முதலாவது கேட்கப்பட்டிருந்தால் இரண்டாவது என்ன ஆகியிருக்கும்?

ஆனால் மோனிக்காவின் கதையை நான் எடுத்தது மகன் திரும்பியதற்காக அல்ல. அந்த வருஷங்களில் அவர் என்ன ஆனார் என்பதற்காக. தகாஸ்தேயில் கணவருக்குப் பக்கத்தில் தனக்கும் கல்லறை இடம் வைத்திருந்தார். அங்கேதான் அடக்கம் பண்ணவேண்டும் என்பது அவருக்குப் பெரிய ஆசை. மகனைத் தேடி மிலானுக்கே வந்து சேர்ந்திருந்தவர், 387-இல், மகனோடு ஊர் திரும்பும் வழியில், ரோமுக்குப் பக்கத்தில் ஓஸ்தியா துறைமுகத்தில் காய்ச்சலில் படுத்தார். அதற்குச் சில நாள் முன்னால் அம்மாவும் மகனும் ஒரு ஜன்னலோரம் நின்று தேவனைப் பற்றி வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். மகன் திரும்பிவரவேண்டும் என்று மட்டும் கேட்டவருக்கு, தேவனைப் பற்றிச் சேர்ந்து பேச ஓர் ஆளாக அந்த மகன் கிடைத்தார். பிறகு சாகக் கிடக்கும்போது, இந்த உடம்பை எங்கே வேண்டுமானாலும் வையுங்கள் என்று சொல்லிவிட்டார். சொந்த ஊரைவிட்டு இவ்வளவு தூரத்தில் கிடக்கப் பயமில்லையா என்று ஒருமுறை கேட்டவர்களிடம், தேவனுக்கு எதுவும் தூரமில்லை என்றாராம். மகன் கடல் தாண்டிப் போய்விட்டான் என்று கரையில் கதறியவர் இவர்தான். தேவனை அறிகிற அறிவில் விருத்தி என்று பவுல் சொன்னதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. நாலு வருஷத்துக்குள் அந்தத் தாய் அவ்வளவு தூரம் வந்துவிட்டார்.

இந்தக் கதையை உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்றும் சொல்லியாகவேண்டும். மகன் திரும்பியதைப் பார்க்காமலே கண்ணை மூடிய தாய்மார் உண்டு, அவர்கள் விசுவாசம் குறைந்தவர்கள் அல்ல. எபிரெயர் 11-இல் வரும் பட்டியலில் பலர் "வாக்குத்தத்தம்பண்ணப்பட்டவைகளை அடையாமல்" தூரத்திலே கண்டு மரித்தவர்கள். நம் பக்கத்து டோனாவூரில் வாழ்ந்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரை எடுத்துக்கொள்ளுங்கள். நீலக் கண் வேண்டும் என்று சின்ன வயதில் ஜெபித்த கதையை ஓய்வுநாள் பள்ளியில் எல்லாரும் சொல்கிறோம். பழுப்புக் கண் இந்தியாவில் வேலை செய்ய வசதியாகப் போயிற்று என்று அழகாக முடித்துவிடலாம், அதனால் சொல்கிறோம். ஆனால் 1931-இல் கீழே விழுந்து அடிபட்டு, 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் அறையிலேயே முடங்கியிருந்த அந்த இருபது வருஷத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. அதற்கு அப்படி ஒரு முடிப்பு கிடையாது. அந்த அறையிலிருந்துதான் அவர் எழுதிக்கொண்டே இருந்தார்.

சரி, நாளைக் காலை 4.30-க்கு எழுந்ததும் என்ன செய்வது?

மகனுக்கான விண்ணப்பத்தைச் சுருக்கிக்கொள்ளுங்கள். இரண்டு நிமிஷம் போதும். தேவனுக்கு எல்லாம் தெரியும், தினமும் முதலிலிருந்து விளக்கவேண்டாம். மிச்ச நேரத்துக்கு மாற்கு சுவிசேஷத்தை எடுங்கள். 16 அதிகாரம்தான். அவசரப்படாமல் ஒரு நாளைக்கு ஒரு சம்பவம் வாசியுங்கள். இதில் என் மகனுக்கு ஏதாவது வாக்குத்தத்தம் இருக்கிறதா என்று தேடாதீர்கள். நமக்கு அந்தப் பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. புதுவருஷ ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுத்து எடுத்து, வேதத்தையே ஒரு அட்டைப் பெட்டியாக ஆக்கிவிட்டோம். அதற்குப் பதிலாக ஒரே கேள்வி கேளுங்கள்: இந்த இடத்தில் ஆண்டவர் எப்படிப்பட்டவராக இருக்கிறார்? குஷ்டரோகியை எப்படித் தொடுகிறார், கோபம் எப்போது வருகிறது, யாரைக் கண்டு மனதுருகுகிறார், யார் விட்டுப் போகும்போது தடுக்காமல் நிற்கிறார். பத்தாம் அதிகாரத்தில் ஒரு பணக்கார வாலிபன் துக்கத்தோடு போய்விடுகிறான். இயேசு அவனைப் பார்த்து அன்புகூர்ந்தார் என்று எழுதியிருக்கிறது. பின்னாலேயே ஓடி இழுத்துக்கொண்டு வந்தார் என்று இல்லை. அந்த இடத்தில் கொஞ்ச நாள் தங்குங்கள்.

அப்புறம் கொலோசெயர் முதல் அதிகாரத்தின் 9, 10, 11 வசனங்களை மகனுக்கான ஜெபமாகச் சொல்லுங்கள், உங்கள் பெயரையும் அதில் சேர்த்து. குடி விடவேண்டும், ஆலயத்துக்கு வரவேண்டும் என்பதெல்லாம் அதற்குள் அடங்கிவிடும்.

சொல்ல வார்த்தை வராத நாளில் சங்கீதம் 13-ஐ வாசியுங்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" இப்படிக் கேட்பதற்கு வேதமே நமக்கு வார்த்தை கொடுத்திருக்கிறது. அது முடிவில் பாட்டாக மாறிவிடுகிறது, அந்த மாற்றம்கூட வரவில்லை என்றால் 88-ஆம் சங்கீதம் இருக்கிறது. அது கடைசிவரை இருட்டாகவே முடியும். அதுவும் ஜெபப் புத்தகத்துக்குள்தான் இருக்கிறது. தேவனிடம் கோபப்படுகிறவர்கள் அவரை அறியாதவர்கள் என்று நினைக்காதீர்கள். அறியாதவரிடம் யாரும் இப்படிப் பேசுவதில்லை.

அன்னாளைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாமுவேல் பிறந்தது மட்டும்தான் நமக்கு ஞாபகம் இருக்கும். ஆனால் சீலோவில் பிள்ளைக்காக இருதயத்தை ஊற்றிவிட்டு, ஆசாரியன் ஏலியின் ஆசீர்வாதத்தையும் வாங்கிக்கொண்டு எழுந்தவுடனே, கர்ப்பந்தரிப்பதற்கு முன்னாலேயே, அவள் "போஜனஞ்செய்தாள்; அப்புறம் அவள் துக்கமுகமாயிருக்கவில்லை" என்று எழுதியிருக்கிறது. சாப்பிட்டாள். இதை உங்களுக்கு வேண்டுமென்றேதான் சொல்கிறேன். சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம். டாக்டரிடம் கேட்காமல் அடுத்த வெள்ளிக்கிழமை உபவாசம் வேண்டாம். அவர் கூடாது என்றால், டி.வி.யையோ போனையோ அன்றைக்கு விட்டுவிடுங்கள், அதுவும் உபவாசம்தான்.

மகனிடம் நீங்கள் மன்னிப்புக் கேட்கவேண்டும். வாட்ஸ்அப்பில் போட்டது தங்கைதான், ஆனால் தங்கைக்கு அந்த விவரம் உங்களிடமிருந்துதான் போயிருக்கும். பேரைச் சொல்லி, குறையைச் சொல்லி, ஊரே படிக்கிற மாதிரி ஜெபக்குறிப்பு போடுவது நம் சபைகளில் பெரிய வியாதி. ஜெபம் என்ற பெயரில் போவதால் புறணி என்று யாருக்கும் தோன்றுவதில்லை. போனை எடுக்கவில்லை என்றால் ஒரு மெசேஜ் அனுப்புங்கள். "உன்னைப் பற்றி மற்றவர்களிடம் சொன்னது என் தப்பு, இனிமேல் செய்யமாட்டேன்." அவ்வளவுதான். கீழே வசனம் போடாதீர்கள். தங்கையிடம் சொல்லி அந்தக் குழுவில் இனி அவர் பேரே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். மறுபடி பேச ஆரம்பித்தால், கோயிலுக்குப் போனியா என்பதை முதல் கேள்வியாக வைக்காதீர்கள், இரண்டாவதாகவும் வைக்காதீர்கள்.

குடி எந்த அளவில் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. சனி, ஞாயிறு நண்பர்களோடு குடிப்பது ஒன்று. காலையில் கை நடுங்குகிறது, வேலைக்குப் போக முடியவில்லை, நிறுத்தினால் உடம்பு கேட்பதில்லை என்றால் அது வேறு, அதற்கு மருத்துவம் வேண்டும். நெடுநாள் நிறையக் குடித்தவர்கள் டாக்டர் துணையில்லாமல் திடீரென்று நிறுத்துவது ஆபத்தாகவும் முடியலாம். பெங்களூரிலேயே நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் இதற்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. அவராக ஒரு நாள் உதவி கேட்டால் உடனே சொல்ல அந்தத் தகவலைக் கையில் வைத்திருங்கள். குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கென்று அல்-அனான் என்ற கூட்டங்களும் உண்டு. உங்களுக்கு அது உதவும் என்று நினைக்கிறேன். டாக்டரிடம் அனுப்புவதால் ஜெபத்தைக் கைவிட்டதாக ஆகாது.

கடிதத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் இன்னொன்றும் கேட்டிருந்தீர்கள்: முழங்கால் வலிக்கிறது, நாற்காலியில் உட்கார்ந்து ஜெபிக்கலாமா? தாராளமாக. அன்னாள் நின்றுகொண்டு ஜெபித்தாள். எசேக்கியா ராஜா வியாதியாகப் படுக்கையில் கிடந்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு ஜெபித்தார், அவருக்குப் பதினைந்து வருஷம் கூட்டிக் கிடைத்தது. முதுகுக்குச் சாய்மானம் இருக்கிற நாற்காலியாகப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்துவுக்குள் அன்புடன்,
உங்கள் ஆயர்